மறதியில் தொடங்காத மறதிநோய்

குளியலறையில் மனைவி வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வருகிறது, வலி தாங்காமல் கத்துகிறார். சத்தம் கேட்டுக் கணவர் வருகிறார். கதவருகே நின்று ஒரு நிமிடம் பார்க்கிறார். பிறகு கீழே கிடப்பவரைத் தாண்டிப் போய், கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பல் தேய்க்கிறார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "சாப்பாடு ரெடியா?" என்று கேட்கிறார்.

அவருக்கு வயது 54. குடிப்பவர் இல்லை, கை நீட்டுபவரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை மனைவி ரெண்டு தும்மல் போட்டாலே வெந்நீர் வைத்துக் கொடுத்த மனிதர். ஞாபகத்திலும் பழுதில்லை. போன வாரம் வீட்டுக்கு யார் வந்தார்கள், மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, ஏ.டி.எம். ரகசிய எண் என்ன, எல்லாம் நுனிவிரலில் இருக்கிறது. அதனால்தான் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: "வேணும்னே பண்றார்."

இந்தக் குடும்பம் நான் கற்பனை செய்தது. ஆனால் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற நோய் வந்தவர்களின் வீட்டார் டாக்டரிடம் சொல்லும் கதைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பெயர் வாயில் நுழையாது என்பதால் எஃப்.டி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

டிமென்ஷியாவுக்குத் தமிழில் முதுமறதி, மறதிநோய் என்று பெயர் வைத்திருக்கிறோம். அல்சைமருக்கு அது சரியாகவே பொருந்தும். எஃப்.டி.டி. விஷயத்தில் அந்தப் பெயரே ஆளை ஏமாற்றிவிடும். 'முது' என்பதும் பொருந்தாது, 'மறதி' என்பதும் பொருந்தாது. பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் நடுவில், வேலையில் இருக்கும்போதே, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே இது ஆரம்பித்துவிடுகிறது. 65 வயதுக்கு முன்பே வரும் டிமென்ஷியாக்களில் அதிகம் காணப்படும் வகைகளில் இதுவும் ஒன்று. முதலில் கெடுவதும் ஞாபகம் இல்லை. குணம் கெடுகிறது, அல்லது பேச்சு கெடுகிறது. மறதி வருவதென்றால் அது எவ்வளவோ பின்னால்தான்.

காரணம், நோய் குடியேறும் இடம். அல்சைமர் வழக்கமாக மூளையின் உட்புறத்தில், புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதியில் கை வைக்கும். எஃப்.டி.டி. தாக்குவது இரண்டு மடல்களை: நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பக்கமடல். அங்கே நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அந்தப் பகுதிகள் சுருங்கிப்போகின்றன.

முன்மடல் என்ன வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் இந்த நோயில் பாதி புரிந்த மாதிரி. நம் எல்லோருக்கும் கன்னாபின்னாவென்று எண்ணங்கள் வரும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் தொப்பையைப் பற்றி ஒரு கருத்து, பக்கத்துத் தட்டில் இருக்கும் பலகாரத்தின் மேல் ஓர் ஆசை, சாவு வீட்டில் தேவையில்லாமல் ஒரு சிரிப்பு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிடுகிறோம். அந்த விழுங்கும் வேலைதான் முன்மடலுடையது, வண்டிக்கு பிரேக் மாதிரி. பிரேக் தேய்ந்துபோனால் வந்த எண்ணம் அப்படியே சொல்லாகவும் செயலாகவும் வெளியே வந்துவிடும். புதிதாக ஒரு கெட்ட குணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. எல்லோருக்குள்ளும் இருப்பதை அடக்கி வைத்திருந்த கை தளர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் பிரேக் உவமை பாதிதான் சரி. அதே முன்மடலில்தான் வண்டியைக் கிளப்புகிற சாவியும் இருக்கிறது. எழுந்து குளிக்க வேண்டும், போன் செய்ய வேண்டும், ஆரம்பித்ததை முடிக்க வேண்டும் என்ற உந்துதலும் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் ஒரே நோய் ஒருவரைக் கட்டுக்கடங்காதவராகவும் இன்னொருவரை நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்து கிடப்பவராகவும் ஆக்கும். பல பேரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சும்மா கிடப்பவர் திடீரென்று எழுந்து, வந்த விருந்தாளியிடம் "எப்போ கிளம்புவீங்க?" என்பார்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எதிரே இருப்பவரின் வலி நமக்குள்ளும் சுருக்கென்று தைக்கிறதே, அதற்கும் மூளையில் ஒரு வலைப்பின்னல் உண்டு. முன்மடலின் உட்புற ஓரத்திலும், அதை ஒட்டி உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியிலும் நீளமான, விசித்திர வடிவம் கொண்ட ஒரு வகை நரம்பு செல்கள் இருக்கின்றன. 1920களில் அவற்றை விரிவாக எழுதிவைத்தவரின் பெயரால் வான் எகானமோ செல்கள் என்கிறார்கள். மனிதர்களைத் தவிர பெரிய குரங்குகள், யானைகள், திமிங்கிலங்கள் போன்ற சில விலங்குகளில் இவை காணப்படுகின்றன. எஃப்.டி.டி. குறிவைத்து அழிப்பது இந்தச் செல்களைத்தான் என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனைவி கீழே கிடப்பது அந்தக் கணவரின் கண்ணுக்குத் தெரிந்தது, கத்தியது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே எதுவும் தைக்கவில்லை.

நடத்தையை முதலில் மாற்றும் வகைதான் எஃப்.டி.டி.யில் அதிகம். அதைக் கண்டுபிடிக்க 2011-இல் உலக அளவில் நிபுணர்கள் கூடி ஆறு அடையாளங்களை வகுத்தார்கள், ஆறில் மூன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார்கள். அதில் பிரேக் இல்லாமை, உந்துதல் இல்லாமை, இரக்கம் வற்றிப்போவது ஆகிய மூன்றையும் மேலே பார்த்துவிட்டோம்.

நான்காவது, செய்ததையே செய்வது. ஒரே பாதையில், ஒரே நேரத்தில், மழையானாலும் நடந்தே தீர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து ஏழு அடித்ததும் எழுந்திருப்பார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதே கதையைச் சொல்வார். சிலர் பழைய காகிதம், காலி டப்பா என்று கண்டதையும் சேர்த்து வைப்பார்கள்.

ஐந்தாவது, சாப்பாடு. குடும்பங்கள் முதலில் கவனிப்பது பல நேரம் இதைத்தான், ஆனால் நோய் என்று யாரும் நினைப்பதில்லை. முன்பு இனிப்பையே தொடாதவர் இப்போது டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் நகர்கிறார். வாயில் இருப்பதை மெல்வதற்குள் அடுத்த கவளத்தைத் திணிக்கிறார். அடுத்தவர் தட்டில் கை வைக்கிறார். வயிறு நிறைந்தது என்ற செய்தி மேலே போய்ச் சேர்வதே இல்லை. நோய் முற்றியபின் சிலர் சாப்பிடக் கூடாத பொருளையும் வாயில் போட்டுக்கொள்வதுண்டு.

ஆறாவது, திட்டமிடும் திறன் குறைவது. பயணத்துக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும், கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் குழம்பிப்போகும். ஞாபகமும் வழி கண்டுபிடிக்கும் திறமையும் மட்டும் ஓரளவு தப்பித்து நிற்கும். டிமென்ஷியாவுக்கென்று பல இடங்களில் வைக்கும் 30 மதிப்பெண் கேள்வித்தாளில் இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிற மாதிரி கேள்விகள் வரும். தொடக்கத்தில் இவர்கள் அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். "பாருங்க, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று வீட்டில் வந்து அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. தன்னிடம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது என்பதை உணர்வதும் முன்மடல் செய்யும் வேலைதான். அது போய்விட்டதால், நோயாளியின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது, மற்றவர்கள்தான் ஏனோ எரிந்து விழுகிறார்கள்.

இந்த நோயில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. "தெருவில் ஒரு பர்ஸ் கிடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "யாருடையதென்று விசாரித்துக் கொடுத்துவிடுவேன்" என்பார். மனைவி விழுந்தால்? "தூக்கி விடுவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்." பதில் சரி. விதி அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்வார். அந்த நேரம் வந்து நிற்கும்போது அந்த விதி கையைப் பிடித்து இழுப்பதில்லை. தெரிவதும் செய்வதும் நமக்கு ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பதால், தெரிந்தும் செய்யாதவரை உடனே கெட்டவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டையும் இணைக்கும் கம்பி அறுந்துபோகக்கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கடையில் பணம் கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு நடந்து, போலீஸ் வரைக்கும் போனவர்கள் இந்த நோயாளிகளில் இருக்கிறார்கள். திருடத் திட்டம் போட்டவர் மறைத்து எடுப்பார், இவர்கள் எல்லோரும் பார்க்க எடுத்துக்கொண்டு போவார்கள்.

பேச்சைத் தாக்கும் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் இந்த நோயின் வரலாறே அங்கிருந்துதான் ஆரம்பம். 1892-இல் பிராக் நகரத்தில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர், பேச்சு படிப்படியாகக் கெட்டுப்போன ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது பக்கமடல் சுருங்கியிருந்தது. ரொம்ப காலம் இந்த நோய்க்கு பிக் நோய் என்றே பெயர். இப்படிப்பட்ட மூளையின் செல்களுக்குள் உருண்டையான திட்டுகள் இருப்பதை 1911-இல் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தவர் யார் தெரியுமா? அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அதே அலாய்ஸ் அல்சைமர்.

பேச்சு வகையில் இரண்டு பிரிவு. ஒன்றில் சொல்லின் பொருளே அழியும்: "கத்தரிக்கோல் எடுங்க" என்றால், "கத்தரிக்கோல்னா என்ன?" என்று நிஜமாகவே கேட்பார். இன்னொன்றில் பொருள் தெரியும், ஆனால் வாய் தடுமாறும், வாக்கியம் துண்டு துண்டாக வரும். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுகிறார் என்று 2022 மார்ச்சில் அவர் குடும்பம் அறிவித்தபோது சொன்ன காரணம் பேச்சுக் குறைபாடு. 2023 பிப்ரவரியில் அது எஃப்.டி.டி. என்று தெளிவாகச் சொன்னார்கள். அதன்பிறகுதான் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். எந்த வகையில் ஆரம்பித்தாலும், வருஷங்கள் போகப் போக ஒன்றின் அடையாளங்கள் இன்னொன்றிலும் கலந்துவிடும்.

ஏன் வருகிறது? மூளை செல்களுக்குள் சில புரதங்கள் தவறாக மடிந்து கட்டியாகச் சேர்ந்துவிடுகின்றன. முக்கியமானவை இரண்டு: டௌ, டி.டி.பி.-43. இந்தக் கட்டிகளில் இரண்டாவது புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தது 2006-இல்தான். தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயிலும் அதே புரதம் இருப்பது அப்போது தெரிந்தது. அதனால் எஃப்.டி.டி. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கை கால் பலவீனமும் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்து வருவது ஏன் என்பதும் விளங்கியது. சில குடும்பங்களில் இது மரபணு வழியாக இறங்குகிறது. டௌ புரதத்துக்கான மரபணுவில் வரும் பிழை 1998-இலும், புரோகிரானுலின் மரபணுவின் பிழை 2006-இலும், சி9ஆர்ஃப்72 என்ற மரபணுவின் பிழை 2011-இலும் தெரியவந்தன. இவற்றில் ஒன்று பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்படி நேரடியான மரபுக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. மனசு உடைந்ததாலோ, வேலை அழுத்தத்தாலோ, மனைவி ஏதோ சொன்னதாலோ வருவது இல்லை இது. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர்கள் முதலில் விரலை நீட்டுவது கூடவே இருப்பவரை நோக்கித்தான்.

சரி, மருந்து? நோயை நிறுத்தவோ திருப்பவோ இன்றைக்கு மருந்து இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செரட்டோனின் வகை மாத்திரைகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத நடத்தையையும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்தையும் கொஞ்சம் தணிக்கின்றன. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் இங்கே உதவுவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டிவிடுகிறது. ஆகவே "எல்லாம் டிமென்ஷியாதானே" என்று ஒருவரின் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துப் பார்ப்பது கூடாது. பேச்சுப் பயிற்சியாளரின் உதவி பேசுவதற்கும், பிற்காலத்தில் விழுங்குவதற்கும் தேவைப்படும். அறிகுறி தொடங்கியதிலிருந்து சராசரியாக 6 முதல் 8 வருஷம் என்பார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் இது ரொம்பவே வேறுபடும். 2 வருஷத்தில் முடிந்தவர்களும் உண்டு, 15 வருஷத்தைத் தாண்டியவர்களும் உண்டு.

மருந்தைவிட அதிகம் வேலை செய்வது சுற்றுப்புறத்தை மாற்றுவதுதான். அவரை மாற்ற முடியாது. விளக்கிச் சொல்வது, கோபித்துக்கொள்வது, "நீங்க முன்னாடி இப்படி இல்லையே" என்று அழுவது, இதெல்லாம் பிரேக் இல்லாத வண்டியிடம் நில்லென்று கெஞ்சுவது போலத்தான். இனிப்பு கண்ணில் பட்டால் எடுப்பார் என்றால், இனிப்பு கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு நடந்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தடுப்பதற்குப் பதில் பாதுகாப்பான பாதையில், முகவரி எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் போட்டு, கூடவே யாராவது நடப்பது நல்லது. வெளியிடங்களுக்குப் போகும்போது சில குடும்பங்கள் சின்ன அட்டைகளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்கின்றன: "இவருக்கு மூளையைப் பாதிக்கும் நோய் இருக்கிறது. இவர் பேச்சைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." அவர் காதுபடச் சொல்லி அவமானப்படுத்தாமல் நைசாக நீட்டிவிடலாம்.

பணத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. போனில் பேசிய யாரோ ஒருவரை நம்பிச் சேமிப்பை அனுப்பிவிடுவது, தேவையில்லாத கடனுக்குக் கையெழுத்துப் போடுவது, ஒரே பொருளைப் பத்து தடவை வாங்குவது என்று, நோய்க்குப் பெயர் தெரிவதற்குள் குடும்பத்தின் கையிருப்பு கரைந்துவிடும். வங்கிக் கணக்குக்கு வரம்பு வைப்பது, அட்டைகளை வாங்கி வைப்பது, முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டப்படி இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பது எல்லாம் அவர் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே நடந்துவிட வேண்டும். வண்டிச் சாவியும் அப்படித்தான். பாதை மறக்காது, ஆனால் சிவப்பு விளக்கைப் பார்த்தும் போய்விடுவார்.

கூட இருப்பவர்களின் நிலைமையைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அதே முகம், அதே குரல். ஆனால் அந்த ஆள் இல்லை. சாவு நடக்காத துக்கம் இது, யாரும் வந்து விசாரிக்கவும் மாட்டார்கள். நோய் என்று தெரிந்த பிறகும் கோபம் வரும். அதற்காகக் குற்ற உணர்வில் வெந்துபோக வேண்டாம் என்றே சொல்வேன். மூளை நோய் என்று அறிவுக்குத் தெரிவது ஒரு பக்கம், தாண்டிப் போன அந்தக் காலைப் பார்த்தது இன்னொரு பக்கம். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்வர வேண்டும்.

இதெல்லாம் பெயர் தெரிந்த பிறகு. பெயர் தெரிவதற்குள்தான் பெரும்பாடு. பலருக்கு அதற்கே சில வருஷங்கள் ஆகின்றன. முதலில் குடும்பச் சண்டை என்று பஞ்சாயத்து பேசுவார்கள், நடுவயதுக் கிறுக்கு என்பார்கள். பிறகு மனநல மருத்துவரிடம் போனால் மனச்சோர்வு என்றோ, மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் என்றோ சிகிச்சை ஆரம்பிக்கும். மனச்சோர்வுக்கும் இதற்கும் மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இருவரும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருப்பார்கள். ஆனால் மனச்சோர்வு உள்ளவர் உள்ளே துயரப்படுவார், தன்னையே நொந்துகொள்வார். எஃப்.டி.டி. நோயாளிக்கு வருத்தமே இருக்காது. ஐம்பது வயதை ஒட்டி, அதுவரை எந்த மனநோயும் இல்லாத ஒருவரின் குணம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போனால், நரம்பியல் மருத்துவரையும் பார்த்தாக வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மூளைக்கட்டி போன்று சரிசெய்யக்கூடிய வேறு காரணங்கள் இல்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முன்மடலும் பக்கமடலும் சுருங்கியிருப்பது தெரியலாம். ஆரம்பத்தில் அது இயல்பாகவும் இருக்கலாம், அப்போது மூளையின் எந்தப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் உதவும். ஒரே ஒரு பரிசோதனையில் ஆம், இல்லை என்று சொல்லிவிடும் வசதி இன்னும் வரவில்லை.

அதனால் டாக்டருக்குக் கிடைக்கும் பெரிய தடயம் வீட்டார் சொல்வதுதான். அறைக்குள் பத்து நிமிடம் அவர் கச்சிதமாக நடந்துகொள்வார், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லும் மனைவிதான் பொல்லாதவராகத் தெரிவார். ஆகவே முன்கூட்டியே ஒரு நோட்டு போடுங்கள். "ரொம்ப மாறிட்டார்" என்று எழுதினால் பயனில்லை. என்ன நடந்தது, எப்போது, முன்பெல்லாம் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று எழுத வேண்டும். அதை உள்ளே போவதற்கு முன்பே டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள், அல்லது தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அந்தக் குளியலறை மனைவியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: "செவ்வாய், காலை 7:10. வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டு எலும்பு முறிவு. வந்து பார்த்தார். தாண்டிப் போய்ப் பல் தேய்த்தார். சாப்பாடு ரெடியா என்று கேட்டார். முன்பென்றால் என்னைத் தூக்கிவிட்டுத் தானும் அழுதிருப்பார்."